பினாங்கில் கப்பல் ஒரு பகல் நிற்கிறது: இறங்குவதா, கப்பலிலேயே இருப்பதா?

கேள்வி
ஜூன் 2, இரவு 10.40

டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு கப்பல் பயணம் பதிவு செய்திருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து வருகிறோம். நான், மனைவி, 8 வயது மகன், 74 வயது அப்பா. அப்பாவுக்கு முழங்கால் வலி, அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க மாட்டார். பினாங்கில் காலை 8 மணிக்குக் கட்டி மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது. போய் வந்தவர்கள் சிலர், ஊரில் ஒன்றுமில்லை, கப்பலிலேயே எல்லாம் இருக்கிறது, இறங்க வேண்டாம் என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்கள்

ஜூன் 3, காலை 7.15

கண்டிப்பாக இறங்குங்கள். ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள் பேருந்தில் ஏறிப் போய்ப் பேருந்திலேயே திரும்பியவர்களாக இருப்பார்கள். போர்ட் கிள்ளானில் கட்டினால் கோலாலம்பூர் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பினாங்கில் கப்பல் ஊருக்குள்ளேயே கட்டுகிறது. ஸ்வெட்டன்ஹாம் துறையின் வாசலைத் தாண்டிச் சில நிமிடம் நடந்தால் மணிக்கூண்டு, அதற்குப் பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம் அதுதான். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் முழுக்க அங்கிருந்துதான் வளர்ந்தது. 2008இல் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து உலக மரபுடைமைப் பட்டியலில் ஏற்றிய ஊர், கப்பல் படிக்கட்டிலிருந்து நடை தூரத்தில் இருக்கிறது.

நாங்கள் போன மார்ச் பள்ளி விடுமுறையில் போனோம். நான், வீட்டுக்காரர், 11 வயது மகள், 6 வயது மகன், 68 வயது அம்மா. அதே 8 முதல் 6.

ஜூன் 3, காலை 7.40

வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்று. எல்லாவற்றையும் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். என் மகள் ஒன்பது இடங்கள் எழுதி வைத்திருந்தாள். நாலுதான் நடந்தது. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை ஆசை மட்டும், ஆளுக்கு ஒன்று. அதிலும் அப்பாவின் ஆசை முதலில், வெயில் ஏறுவதற்குள்.

ஜூன் 3, இரவு 9.50

காலையில் அவசரமாக எழுதிவிட்டேன். நாள் எப்படிப் போனது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஏழரைக்கே நான் மேல் தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பக்கம் எதிர்க்கரை ஊரான பட்டர்வொர்த், ஒரு பக்கம் தீவு, பின்னால் மலை. எட்டேகாலுக்கு இறங்கலாம் என்று அறிவித்தார்கள். பெரிய கூட்டம் சாப்பிட்டு முடித்து வர எப்படியும் ஒன்பதரை ஆகும். எட்டேகாலுக்கு இறங்கியவர்கள் நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிவின்போதே எழுதிக் கொடுத்திருந்தோம். கீழே போய்க் கேட்டால் அவர்களிடம் அந்தக் குறிப்பே இல்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். சீக்கிரம் இறங்கியதில் கிடைத்த நேரமெல்லாம் அங்கேயே போயிற்று. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: முதல் நாள் மாலையே வரவேற்பு மேசைக்குப் போய், நேரத்தோடு சொல்லி, எழுதிக்கொள்கிறார்களா என்று நின்று பாருங்கள். மடக்கு நாற்காலி சொந்தமாக இருந்தால் கொண்டு வந்துவிடுங்கள்.

மணிக்கூண்டு 60 அடி உயரம். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு ஆனதற்காக, ஆண்டுக்கு ஓர் அடி. சியா சென் இயோக் என்ற சீன வணிகர் கட்டிக் கொடுத்தது, 1902இல் முடிந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் குண்டுவீச்சில் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மகன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நேராத்தான் இருக்கு, நாமதான் சாய்ஞ்சு நிக்கிறோம்" என்றான்.

அங்கிருந்து பெச்சா, அதாவது மிதித்து ஓட்டும் மூன்று சக்கர வண்டி, பிடித்தோம். சிங்கப்பூர் டிரைஷா மாதிரி பக்கத்தில் உட்கார்வதில்லை. பினாங்கில் பயணி முன்னால், மிதிப்பவர் பின்னால். அம்மாவும் மகனும் ஏறினார்கள். முன்னால் மறைப்பே இல்லை, தெரு நேராக மடியில் வந்து விழுகிறது. உங்கள் அப்பாவுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஏறும் முன் விலை பேசிவிடுங்கள், ஒரு மணி நேரமா, ஓர் இடத்துக்கா என்று தெளிவாக.

ஒரே சாலையில் 1818ஆம் ஆண்டின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில், அப்புறம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அந்தப் பள்ளிவாசல் நம் கரையிலிருந்து போன முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. அதே வட்டாரத்தில் குயீன் தெருவில் மகா மாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

ஜூன் 3, இரவு 10.30

அந்தக் கோயிலுக்குத்தான் அம்மா வந்தார். மற்றது எதையும் அவர் கேட்கவில்லை.

தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் சக்கர நாற்காலி வேண்டாம் என்று எழுந்துகொண்டார். லெபோ பாசார் என்று பலகையில் இருப்பதை அவர் இன்னும் கடைத்தெரு என்றுதான் சொல்கிறார். தாத்தா அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். கடை இப்போது இல்லை. எந்தக் கடை என்று எங்களுக்குத் தெரியவும் வழியில்லை, எல்லா வாசலிலும் புடவையும் பாட்டுச் சத்தமுமாக இருந்தது. அம்மா அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் நடைபாதையில், மெதுவாக நடந்துகொண்டே போனார். ஓரிடத்தில் நின்று வலது கால் செருப்பைக் கழற்றினார். தரையில் பழைய பூ ஓடு, பச்சையும் சிவப்புமாக, நடுவில் தேய்ந்து நிறம் போய், சுவர் ஓரத்தில் மட்டும் பூ தெரிந்தது. பெருவிரலால் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார். கடைக்குள் போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஜூன் 4, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று, அதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. கடைத்தெருவுக்கு அப்புறம் ஆர்மீனியத் தெருவுக்குப் போனோம். சுவரில் இரண்டு குழந்தைகள் ஓவியம், அவர்கள் ஓட்டும் சைக்கிள் மட்டும் நிஜம். லித்துவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் ஜகரேவிச் 2012இல் வரைந்தது. மகளின் ஆசை அது. படம் எடுக்க வரிசை. இருபத்தைந்து நிமிடம் நின்றோம். அம்மாவும் வெயிலில் எங்களோடு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் நானும் கவனிக்கவில்லை. கப்பலுக்குத் திரும்பியபோது முகம் சிவந்து, தண்ணீர் கேட்டார். வீட்டுக்காரரையும் மகளையும் வரிசையில் விட்டுவிட்டு நான் அம்மாவை ஒரு காப்பிக் கடையில் உட்கார வைத்திருக்க வேண்டும். பெரியவர்கள் நம் உற்சாகம் கெடக் கூடாது என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்பாவிடம் கேட்காதீர்கள், நீங்களாகவே நிழல் பார்த்து உட்கார வையுங்கள்.

ஜூன் 4, மதியம் 1.05

சாப்பாடு பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். நாசி கண்டார் சாப்பிடாமல் வராதீர்கள். தமிழ் முஸ்லிம்கள் காவடி மாதிரி தோளில் கம்பு வைத்து, ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றுத் தொடங்கிய சாப்பாடு. அந்தக் கம்பைச் சொல்லும் மலாய்ச் சொல்தான் கண்டார். 'பஞ்சிர்' என்று கேட்டால் எல்லாக் குழம்பையும் கலந்து சோறு மூழ்க ஊற்றுவார்கள். பஞ்சிர் என்றால் வெள்ளம். என் வீட்டுக்காரர் வெள்ளத்தோடு சாப்பிட்டு, மாலை வரை கப்பல் சாப்பாட்டின் பக்கம் திரும்பவில்லை.

சைவம் என்றால் கடைத்தெருப் பக்கம் வாழையிலைச் சாப்பாடே கிடைக்கும். ஜாதிக்காய்ச் சாறும் கேட்டுக் குடியுங்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்து நட்ட மரம், பினாங்குக்கே உரியதாகிவிட்டது. நாம் விதையைத்தான் பார்த்திருக்கிறோம். அங்கே மேல் சதையைச் சாறு எடுக்கிறார்கள், ஊறவைத்தும் விற்கிறார்கள். பொட்டலம் கட்டிய ஊறல் வாங்கலாம். கப்பலில் பழம், சமைத்த உணவு உள்ளே விடமாட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கப்பல் சாப்பாட்டு மண்டபத்துப் பழத்தையும் ஊருக்குள் கொண்டு போகாதீர்கள்.

ஜூன் 4, இரவு 11.00

கப்பலிலிருந்து துறைக்கு இறங்கும் நடைபாலத்தின் சாய்வு குறைவு என்று உங்களுக்குத் தனிச் செய்தியில் எழுதியிருந்தேன். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "காலையில் பார்த்ததை மட்டும் வைத்துச் சொல்கிறாய்" என்றார். அவர் சொல்வதுதான் சரி. கடல் ஏறி இறங்க, கப்பலும் ஏறி இறங்கும், பாலத்தின் சாய்வு அதற்கேற்ப மாறும். காலையில் தட்டையாக இருந்தது, நாங்கள் திரும்பியபோது நாற்காலியைத் தள்ள ஊழியர் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவர்களாகவே வந்து தள்ளினார்கள், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அப்பாவை நடத்தி ஏற்றலாம் என்று எண்ணியிருக்க வேண்டாம்.

ஜூன் 6, இரவு 8.20

இப்போது கப்பலில் இருப்பது பற்றி. 'இறங்காதீர்கள்' என்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு என்று இரண்டு நாளாக யோசித்து ஒப்புக்கொள்கிறேன். கப்பல் துறையில் நிற்கும் மதியம்தான் அந்தப் பயணத்திலேயே கப்பல் நன்றாக இருக்கும் நேரம்.

நாங்கள் ஒரு மணிக்கு இரண்டாகப் பிரிந்தோம். வீட்டுக்காரரும் மகளும் பினாங்கு மலைக்குப் போனார்கள். நானும் அம்மாவும் மகனும் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். முதல் நாள் நாற்காலிக்கு இடம் பிடிக்கத் துண்டு போட்டுவிட்டுப் போன அதே நீச்சல் குளம், இப்போது ஏழு பேர். தண்ணீர்ச் சறுக்கில் முந்தின நாள் அரை மணிக்கு ஒரு முறை ஏறிய மகன் அன்று பதினான்கு முறை சறுக்கினான், ஒவ்வொரு முறையும் எண்ணைக் கத்திக்கொண்டே. கடைகளும் சூதாட்டக் கூடமும் துறையில் நிற்கும்போது மூடியிருக்கும். எனக்கு அது பெரிய நிம்மதி, அந்தத் தளமே அமைதியாக இருந்தது.

அம்மா நிழலில் நாற்காலியைச் சாய்த்துத் தூங்கினார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் மாறுகிறது. முழு நாளும் இறங்காதீர்கள், முழு நாளும் ஏறியிருக்காதீர்கள். காலை ஊர், மதியம் கப்பல். துறை ஊருக்குள் இருப்பதால்தான் இது முடிகிறது.

ஜூன் 6, இரவு 8.45

மலை பற்றி. கயிற்றுவட ரயில் 1923இல் வந்தது, இப்போது ஓடும் பெட்டிகள் புதியவை. குளிர்ச்சியும் காட்சியும் நன்றாக இருந்ததாம். ஆனால் இறங்குவதற்கு வரிசை. ஐந்து மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும். நாலே முக்கால் வரை ஆளைக் காணோம். எனக்கு உயிர் போய் வந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு மகள் ஓடி வந்தாள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் பெரும்பாலும் காத்திருப்பார்கள், நாமாகப் போனால் காத்திருக்க மாட்டார்கள். உங்கள் நாளில் மலையைச் சேர்க்காதீர்கள்.

ஜூன் 7, காலை 9.30

சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் நேர வித்தியாசம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குழப்பம் வராது. சிங்கப்பூரும் மலேசியாவும் 1982 முதல் ஒரே கடிகாரம். கைப்பேசி என்ன காட்டுகிறதோ அதுதான்.

ஜூன் 7, மாலை 5.10

உங்கள் கப்பல் புக்கெட் போய்விட்டுத்தான் பினாங்கு வருகிறது என்று இப்போதுதான் பார்த்தேன். காலையில் எழுதியதை விட்டுவிடுங்கள். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கைப்பேசி தானாக மாறிவிடும், கப்பல் கடிகாரம் மாறுமா மாறாதா என்பதைக் கேப்டன் முடிவு செய்வார். நேரம் மாற்றினால் முந்தின இரவு அறிவிப்பார்கள். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டி, கப்பல் சுவரில் உள்ள நேரத்துக்கு வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இந்தியக் கடவுச்சீட்டு என்பதால்: சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையா என்று பாருங்கள். கப்பல் திரும்பி வந்து நீங்கள் இறங்குவது மறுபடியும் ஒரு நுழைவு.

ஜூன் 11, இரவு 10.15

உங்கள் அப்பா எப்போதும் கப்பலில் போனதில்லை, பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். மலாக்கா நீரிணையில் சுமாத்ரா தீவு மறைத்துக்கொள்வதால் பெரிய அலை அபூர்வம். இந்த அளவு கப்பலில் பெரும்பாலும் அசைவே தெரியாது.

இதை எழுதும்போது அம்மாவின் முதல் கப்பல் நினைவுக்கு வருகிறது. 1966, வயது ஒன்பது, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ரஜூலா. 1926இல் கட்டிய கப்பல், சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் என்று 1973 வரை போய் வந்தது. சுமார் 8,500 டன். கட்டிய காலத்தில் ஐயாயிரத்துக்கு மேல் டெக் பயணிகளை, அதாவது அறையில்லாமல் தளத்திலேயே படுத்துப் போகிறவர்களை, ஏற்ற அனுமதி இருந்ததாம். நாங்கள் போன கப்பல் 1 லட்சத்து 60 ஆயிரம் டன்னுக்கு மேல், பயணிகள் சுமார் நாலாயிரம். இந்தக் கணக்கை மகள்தான் போட்டாள். போட்டுவிட்டு, "அம்மாச்சி, நீங்க எங்க படுத்தீங்க?" என்று கேட்டாள்.

பாய். பக்கத்துக் குடும்பத்துக்கும் நமக்கும் நடுவில் தகரப் பெட்டி, அதுதான் சுவர். அம்மாச்சியோட அம்மா ஓரத்தில், நடுவில் மாமா, அப்போது அவருக்கு நாலு வயது. அம்மா கணக்கில் ஆறு நாள். காலையில் தளத்தை உப்புத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்களாம், அதற்குள் எழுந்து பாயைச் சுருட்ட வேண்டும். சுருட்டாதவர்களுக்காகத் தண்ணீர் நிற்காது.

பினாங்குக்கு மறுநாள் விடியற்காலை அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை, நானும் கூடவே மேல் தளத்துக்குப் போனேன். நாற்காலியில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தோம். ஊழியர் ஒருவர் குழாயை இழுத்துக்கொண்டு தளம் கழுவ வந்தார், இன்னும் நல்ல தூரத்தில்தான் இருந்தார். அம்மா எழுந்து துண்டை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு பேர் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

ஜூன் 12, காலை 7.00

அன்று மாலை கப்பல் கிளம்பியதையும் எழுதிவிடுகிறேன், இதைத் தவறவிடாதீர்கள். ஆறு மணிக்குக் கரை பக்கமாக உள்ள தளத்தில் நில்லுங்கள். கீழே இரண்டு பேர் வடத்தை இரும்புக் கட்டையிலிருந்து கழற்றுவார்கள், அது தண்ணீரில் விழுந்து கப்பலுக்குள் இழுபடும். கொஞ்ச தூரம் போனதும், துறைமுகத்திலிருந்து கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டை ஏற்றிப்போகும் படகு பக்கத்தில் ஒட்டி வரும். பைலட் கப்பலின் பக்கவாட்டில் கயிற்றேணியில் இறங்கி, இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே படகில் கால் வைப்பார். மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவர் நிமிர்ந்து கையசைத்தார். அவன் வளர்ந்து என்ன ஆகப்போகிறான் என்பது அன்றோடு முடிவாகிவிட்டது, இன்றுவரை மாறவில்லை.

ஜூன் 19, இரவு 9.30

ஒரு திருத்தம். இது உங்கள் பயணத்துக்குத் தேவையில்லை, ஆனால் நான் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நின்று அம்மாவைப் படமெடுத்து, '1966இல் இறங்கிய அதே துறைப் பாலம்' என்று குடும்பக் குழுவில் போட்டிருந்தேன். நேற்று நாகையிலிருந்து மாமா பேசினார். "பாலத்துல எங்க இறங்குனோம்? கப்பல் நடுக்கடல்ல நின்னுச்சு, படகுல ஏத்தி விட்டாங்க, அக்கா என்னை இடுப்புல வச்சுக்கிட்டு ஏணியில இறங்குச்சு" என்றார். நாலு வயதுப் பையனுக்கு என்ன ஞாபகம் இருக்கும் என்று அம்மா முதலில் மறுத்தார். ராத்திரி சாப்பிடும்போது, "படகுதான். ஏணிக் கயிறு ஈரமா இருந்துச்சு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பைலட் ஏணியில் இறங்கியபோது அம்மா பார்க்காமல் உள்ளே போய்விட்டார் என்பது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. குளிர்கிறது என்றார்.

ஜூன் 20, காலை 6.40

படத்தின் கீழே எழுதியதை மாற்றிவிட்டேன்.

ஜூன் 21, இரவு 8.00

நீங்கள் போட்டிருக்கும் திட்டம் பார்த்தேன். கோட்டை, கோயில், சாப்பாடு, திரும்புதல்: போதும். சியூ ஜெட்டியைச் சேர்ப்பதானால் பெச்சாவிலேயே போய் வாசலில் பாருங்கள். கடல் மேல் மரக்கால் நட்டுக் கட்டிய வீடுகள், பலகை நடைபாதையில் இடுக்குகள் உண்டு, அப்பாவின் கைத்தடி மாட்டும். மக்கள் இன்னும் குடியிருக்கும் வீடுகள், உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம்.

கோயில் முதலில், கோட்டை அப்புறம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். துறை வாசலிலிருந்து மணிக்கூண்டு வரை நிழலே கிடையாது, அப்பாவுக்கு ஒரு குடை.